யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எது தோது: தும்புத்தடியா, மொப்பா, வக்கியூம் கிளீனரா?

ஊரில் பழைய வீட்டைத் திருத்தி ரைல்ஸ் பதிப்பவர்களும், ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு அம்மா அப்பாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களும் இப்போது அடிக்கடி கேட்பது இதைத்தான்: “வீட்டுக்கு ஒரு வக்கியூம் கிளீனர் எடுத்தால் என்ன?” கடையில் விசாரித்தால் எத்தனை வாற், எத்தனை லீற்றர் தொட்டி, எத்தனை மாத உத்தரவாதம் என்று சொல்வார்கள். உங்கள் வீட்டில் என்ன நிலம், சுற்றிவர என்ன மண், வீட்டில் யாருக்காவது முட்டு வருத்தம் இருக்கிறதா என்று எவரும் கேட்கமாட்டார்கள். இந்த மூன்றும் தெரியாமல் மெஷின் தெரிவு செய்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைக்கிற மாதிரி.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். வெறும் நிலத்தில் புழங்குகிற, செருப்பை வாசலில் கழற்றுகிற வீட்டுக்கு முதற்காசு நல்ல மொப்புக்கும் கால்மிதிக்கும்தான் போகவேண்டும். வக்கியூம் அதற்குப் பிறகு. தூசி பட்டால் மூச்சு இழுக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் இந்த வரிசை தலைகீழாகும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், வக்கியூம் கிளீனர் பிறந்தது நம்முடைய நிலத்துக்காக அல்ல, கம்பளத்துக்காக.

குளிர்நாட்டு வீடுகளில் சப்பாத்தோடு உள்ளே நடப்பார்கள். மண்ணும் புகைக்கரியும் பாண் துகளும் கம்பளத்தின் நூலுக்குள் இறங்கிவிடும். விளக்குமாற்றால் இழுத்தால் பாதி காற்றில் பறக்கும், மிச்சம் இன்னும் ஆழத்துக்குப் போகும். ஆகவே கம்பளத்தைச் சுருட்டி வெளியே தூக்கிக்கொண்டுபோய்க் கயிற்றில் போட்டுத் தடியால் அடிப்பார்கள். நாள் முழுக்க முறியும் வேலை. அதிலிருந்து தப்புவதற்குத்தான் அமெரிக்காவில் ஆளுக்கொரு மெஷின் செய்து பார்த்தார்கள். 1860 இல் அயோவா மாநிலத்து டானியல் ஹெஸ் சுழலும் தூரிகையோடு துருத்தியையும் சேர்த்துக் காப்புரிமை எடுத்தார். 1869 இல் சிக்காகோவின் ஐவ்ஸ் மக்கஃபி செய்தது கையால் சுற்றும் விசிறி வைத்தது. ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறுகையால் தள்ளவேண்டும், அதனால் அது பெரிதாக ஓடவில்லை. 1876 இல் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்த மெல்வில் பிசெல், தள்ளத் தள்ளத் தூரிகை சுழன்று குப்பையைப் பெட்டிக்குள் வாரிக்கொள்ளும் ஒன்றைச் செய்தார். பாத்திரப் பெட்டிகளில் அடைத்து வரும் மரத்தூள் கடைக் கம்பளத்தில் ஒட்டிக்கொண்டு போகாததுதான் அவருடைய தலையிடி. 1889 இல் அவர் இறந்தபிறகு மனைவி அனா பிசெல் பொறுப்பை எடுத்து நிறுவனத்தைப் பெரிதாக்கினார். அந்த வகைக்குக் கறண்ட் தேவையில்லை, இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது.

இயந்திர வலுவால் உறிஞ்சுகிற மெஷின் லண்டனில் 1901 இல் வந்தது. ஹியூபேர்ட் செசில் பூத் பாலங்களும் பெரிய சுற்று ராட்டினங்களும் வடிவமைத்த பொறியியலாளர். ஒரு மண்டபத்தில் தூசியை ஊதித் தள்ளும் மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். ஊதாமல் உறிஞ்சினால் என்ன என்று அவர் கேட்டாராம். பிறகு சாப்பாட்டுக் கடைக் கதிரையின் மெத்தையில் கைலேஞ்சியை விரித்து வாயால் உறிஞ்சிப் பார்த்தபோது, லேஞ்சியின் அடிப்பக்கத்தில் ஊத்தை வட்டமாகப் படிந்திருந்தது. வக்கியூம் பில்ரரின் தத்துவம் முழுவதும் அந்த லேஞ்சியில் இருக்கிறது: காற்று போகவேண்டும், தூசி நிற்கவேண்டும். அவர் செய்த மெஷின் பெற்றோல் இயந்திரத்தில் ஓடியது. குதிரை வண்டியில் ஏற்றி வந்து தெருவில் நிறுத்தி, நீளக் குழாய்களை யன்னலால் உள்ளே விடுவார்கள். 1902 இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அதுதான் துப்புரவாக்கியது. மெஷினை விற்காமல், வந்து செய்துவிட்டுப் போகிற சேவை. நம்முடைய ஊரில் தண்ணீர்த் தாங்கி கழுவித் தருகிறவர்கள் வருகிறார்கள். யாராவது ஒரு நல்ல மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு வீடு வீடாக மெத்தையும் செற்றியும் உறிஞ்சிக் கொடுத்தால், ஆளுக்கொன்று வாங்கிக் கட்டிலுக்கடியில் போட்டு வைக்கத் தேவையிராது.

இந்தக் கதையில் நமக்கு மிக வேண்டிய ஆள் அடுத்தவர். ஒஹாயோ மாநிலம் கான்டன் நகரத்தில் ஒரு பெரிய கடையில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவர் ஜேம்ஸ் மறே ஸ்பாங்க்ளர். அவருக்கு முட்டு வருத்தம். கம்பளம் கூட்டக் கூட்டத் தூசி நெஞ்சை அடைக்கும். வேலையை விடவும் முடியாது. 1907 இல் விசிறி மோட்டர் ஒன்றைச் சவர்க்காரப் பெட்டிக்குள் பொருத்தி, தும்புத்தடி போன்ற ஒரு கைப்பிடி வைத்து, பின்னால் தலையணை உறையைத் தூசிப் பையாகக் கட்டினார். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மின்சார வக்கியூம் அப்படித்தான் வந்தது. 1908 இல் காப்புரிமை கிடைத்தது. கையில் காசில்லை. குதிரைச் சேணம் முதலிய தோற்பொருட்கள் செய்துவந்த வில்லியம் ஹூவர் அதை வாங்கினார். மோட்டார் வண்டி வரத் தொடங்கிவிட்ட காலம், சேணத்துக்கு இனி எதிர்காலம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. லண்டனிலுள்ள நம்மவர்கள் “ஹூவர் பண்ணிப்போட்டு வாறன்” என்பது அந்த ஆளின் பெயரைத்தான்.

பிறகு வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1921 இல் எலக்ட்ரோலக்ஸ், நிலத்தில் சறுக்குக் கட்டைகளில் இழுபடும் நீளக் குழாய் வகையைக் கொண்டுவந்தது. 1926 இல் ஹூவர் தூரிகை உருளையோடு கம்பளத்தை அடித்து அதிரவைக்கும் தண்டுகளைச் சேர்த்தது. ஜேம்ஸ் டைசன், மர ஆலையில் காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பைப் பார்த்துவிட்டு, பையில்லாத ஒன்றுக்காக 5127 மாதிரிகள் செய்தார். பிரித்தானியச் சந்தைக்கு அவருடைய சொந்தப் பெயரில் அது வந்தது 1993 இல். 2002 இல் ரூம்பா ரோபோ வந்தது. இவ்வளவுக்கும் நடுவில், அடித்து உதறும் தூரிகை என்பது நூல் நிறைந்த விரிப்புக்கான ஏற்பாடு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் ரைல்ஸில் அந்தத் தூரிகை மணலை உறிஞ்சுவதற்கு முன்னால் நாலு பக்கமும் தெறிக்க வைக்கும். தூரிகையை நிறுத்தும் சுவிட்சோ மென்மையான துணி உருளையோ இல்லாத மெஷின் நமக்கு உதவாது.

இனி நம்முடைய நிலம். சாணி மெழுகிய மண் நிலம், பிறகு காவி கலந்து வழித்த சிவப்புச் சீமெந்து, இப்போது ரைல்ஸ். இந்த மூன்றிலும் நூலுக்குள் தூசி இறங்குகிற பிரச்சினை இல்லை. நம்முடைய பிரச்சினை வேறு. வலிகாமப் பக்கம் என்றால் செம்மண். இரும்புச் சத்தேறிய அந்தப் பொடி மாவைப்போல் மெல்லியது. சோளகக் காற்று தொடங்கினால் யன்னலைச் சாத்தி வைத்தாலும் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். வடமராட்சிக் கரையோரம் என்றால் மணல், அது பறப்பது குறைவு, காலோடு வருவது கூட. ஓட்டு வீடு என்றால் மேலேயிருந்தும் விழும்: ஓட்டுத்தூள், ஒட்டறை, கூரை வளையில் உளுத்த மரத்தின் மா. பல்லி எச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

தும்புத்தடியை எடுத்துக்கொள்வோம். மலிவு, கறண்ட் வேண்டாம், உடைந்தால் சந்தையில் இன்னொன்று. தொண்ணூறுகளில் குடாநாடு முழுவதும் மின்சாரமில்லாமல் இருந்தபோதும் வீடு நாறவில்லை, இதுதான் கூட்டியது. ரைல்ஸில் கூட்டிப் பார்த்தால் அதன் குறை தெரியும். குப்பை அள்ளியை நிலத்தோடு பிடித்து வாரினால், அதன் விளிம்பு இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு மெல்லிய கோடு மிஞ்சும். அள்ளியைப் பின்னால் இழுத்து மறுபடி வாரினால் கோடு மெலியும், போகாது. கோடாகத் தெரிவது கொஞ்சம்தான். அதைவிட மெல்லியது ஏற்கெனவே எழும்பி மூக்குயரத்தில் நிற்கும், அரை மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்ப இறங்கும். முற்றத்தை ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டுமுன் தண்ணீர் தெளிப்பதன் சூட்சுமம் இதுதான். தெளித்தால் தூசி எழும்பாது. வீட்டுக்குள் அதே வேலையைச் செய்வது மொப்.

மொப்பில் இரண்டு வகை கவனிக்க வேண்டியவை. நூல் மொப்பும், சுற்றிப் பிழியும் வாளியோடு வரும் மைக்ரோபைபர் மொப்பும். பிந்தியதற்குத்தான் என் வாக்கு. குனிந்து பிழியத் தேவையில்லை, வயதானவர்களுக்கு இடுப்பு தப்பும். துணியும் ஈரமாக இருக்குமே தவிரச் சொட்டாது. சொட்டுகிற மொப்பும் செம்மண்ணும் சேர்ந்தால் சேறுதான். வெள்ளை ரைல்ஸ் பதித்த வீடுகளில் ஒரு வருஷத்துக்குள் இடுக்குக் கோடுகள் எல்லாம் செங்கல் நிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். அது கூட்டாமல் மொப் பிடித்ததன் பலன்: தண்ணீர் தூளைக் கரைத்து, ரைல்ஸை விட உறிஞ்சுகிற இடுக்குக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ஆகவே உலர்ந்த தூசியை முதலில் எடுப்பது, பிறகு ஈரம், வாளித் தண்ணீரை அறைக்கு ஒரு தரம் மாற்றுவது.

தண்ணீர் மாற்றச் சொல்வது லேசு. நமக்கு வற்றாத ஆறில்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிற கிணற்றுத் தண்ணீர்தான். அது கல் நீர். காய்ந்தால் கறுப்பு ரைல்ஸில் வெள்ளைப் படலம் விடும். வாளிக்குள் கொஞ்சம் வினாகிரி விட்டால் ரைல்ஸில் படலம் குறையும். சிவப்புச் சீமெந்திலும் மாபிளிலும் மொசைக் நிலத்திலும் அந்த வேலை செய்யவேண்டாம், புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும், மினுக்கம் போய்விடும்.

வக்கியூமில் நம் கடைகளில் அதிகம் காண்பது தொட்டி வகை, ஈரமும் உலர்வும் இரண்டையும் இழுப்பது. அழகில்லை, சத்தம் பெரிது, சில்லில் உருட்டவேண்டும். இருந்தும் விலைக்கு நேர்மையான மெஷின் அது. வாடை மழையில் விறாந்தைக்குள் தண்ணீர் அடித்தால் அப்படியே உறிஞ்சிக் கொட்டலாம். வீடு திருத்தும்போது சீமெந்துத் தூள், மரத்தூள், யன்னல் தண்டவாளத்து மணல் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். தண்ணீர் இழுக்குமுன் காகித பில்ரரைக் கழற்றி ஈரத்துக்கான பஞ்சைப் போடவேண்டும் என்பதை வேலைக்கு வருபவருக்கும் சொல்லி வையுங்கள். அதன் பெரிய குறை பின்பக்கக் காற்று. மலிவான தொட்டி மெஷினின் சாதாரண பில்ரர் செம்மண்ணின் மெல்லிய பொடியை விட்டுவிடும். முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் ஊதும். பூத் மண்டபத்தில் பார்த்த ஊதும் மெஷின் செய்த வேலை!

கம்பியில்லாத தடி வகை பார்க்க அழகு, தூக்க லேசு, மாடிப்படிக்கும் காருக்கும் உகந்தது. முழு வேகத்தில் வைத்தால் பற்றரி பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே இறங்கிவிடுகிறவை பல. தொட்டி சின்னது, சோளகக் காலத்தில் ஒரு ஹோலுக்கே நிரம்பும். லிதியம் பற்றரிக்கு வெக்கை ஆகாது. சித்திரை வெயிலில் தகரக் கூரை அறைக்குள் தொங்கவிட்டால் ஆயுள் குறையும். பற்றரி போனால் அதே வகை இங்கே கிடைக்குமா என்று கேட்காமல் வாங்கவேண்டாம்.

ரோபோ பற்றி எனக்கு ஒரு மென்மையான பக்கம் உண்டு. கட்டிலுக்கடியில் தானாகப் போய் வருவதை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டில் நிலைப்படி இருக்கும், ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் ஒரு படி இறங்கும். இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் பெரும்பாலான ரோபோக்கள் ஏறா. பாயின் ஓரத்து நூலை விழுங்கிச் சிக்கும். ஈரமான பல்லி எச்சத்தை வீடு முழுக்கப் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரே மட்டத்தில் ரைல்ஸ் பதித்த புது வீட்டில், அம்மா தனியாக இருக்கிறார், குனிய முடியாது என்றால் தாராளமாக எடுக்கலாம். விளக்கு வைத்தபிறகு வீடு கூட்டக்கூடாது என்று அவர் சொன்னால் கவலை வேண்டாம், காலை ஒன்பது மணிக்கு ஓடும்படி நேரத்தைப் போட்டுவிட்டால் இலட்சுமிக்கும் இடைஞ்சல் இல்லை.

வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு மகள் ஆசையாகக் கொண்டுவந்த மெஷினைச் செருகினார்கள். விசில் மாதிரி ஒரு சத்தம், பிறகு மயிர் கருகிய மணம், அவ்வளவுதான். இப்போது அதன் குழாய் பூங்கன்றுக்குத் தண்ணீர் விடப் பயன்படுகிறது. இடையில் ட்ரான்ஸ்ஃபோமர் போடலாம், ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாற் தாங்கும் ட்ரான்ஸ்ஃபோமர் மெஷினை விடப் பாரம். ரோபோவும் கம்பியில்லாத வகையும் என்றால் சார்ஜரின் பின்பக்கத்தில் 100–240 வோல்ற் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். லண்டன், பாரிஸ், சுவிஸ் மெஷின்களுக்கு வோல்ற் பிரச்சினை இல்லை.

இங்கே வாங்குவோருக்கும் ஒரு கணக்கு. பழைய வீடுகளில் உள்ள சின்ன வட்டத் துளைப் பிளக் 5 அம்பியர். 230 ஐ 5 ஆல் பெருக்கினால் 1150 வாற். 1600 வாற் தொட்டி மெஷினை அதில் மாற்றுப் பிளக் வைத்துச் செருகினால் சுவருக்குள் கம்பி சுடும். 13 அம்பியர் சதுரத் துளைப் பிளக்கோ பழைய 15 அம்பியரோ வேண்டும். அதோடு வாற் கூடினால் உறிஞ்சல் கூடும் என்பதும் சரியல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் 1600 வாற்றுக்கு மேற்பட்ட வீட்டு வக்கியூம்களை விற்கத் தடை போட்டது, 2017 இல் அதை 900 ஆக இறக்கியது. அதற்காக அங்கே வீடுகள் ஊத்தையாகவில்லை. குழாயின் ஒழுக்கும் அடைத்த பில்ரரும்தான் உறிஞ்சலைத் தின்பவை. கறண்ட் பில் பயப்படுமளவுக்கு இல்லை: 1200 வாற் மெஷினை நாளுக்கு 20 நிமிடம் ஓடவிட்டால் மாதம் 12 யூனிற். ஆனால் யூனிற் கூடக் கூட விலைப்படி ஏறுகிற முறை நம்முடையது, ஒரு படியின் விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு அந்த 12 உறைக்கும். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் நின்றதையும் மறக்கவேண்டாம். மெஷின் வந்த கையோடு தும்புத்தடியை எறிகிறவர்களை நான் நம்புவதில்லை.

இப்போது முட்டு வருத்தக்காரர் இருக்கிற வீடு. ஸ்பாங்க்ளரின் நிலைமைதான் இங்கேயும். அவர் இருக்கிற நேரத்தில் உலர்ந்த தும்புத்தடி பிடிப்பதை நிறுத்தவேண்டும். இங்கே மட்டும் நான் கூடிய காசைச் செலவழிக்கச் சொல்வேன்: ஹெப்பா பில்ரர் உள்ள, பையோடு வரும், குழாய் வகை வக்கியூம். உண்மையான ஹெப்பா என்றால் 0.3 மைக்ரோன் அளவுத் துகளில் 99.97 வீதத்தைப் பிடிக்கவேண்டும். “ஹெப்பா மாதிரி” என்று பெட்டியில் எழுதியிருப்பது அதுவல்ல. பையில்லாத தொட்டியைத் திறந்து கொட்டும்போது எல்லாம் முகத்துக்குத் திரும்பி வரும், ஆகவே பை நல்லது. அதன் முதல் வேலை நிலமல்ல. மெத்தை, தலையணை, துணி போட்ட செற்றி, யன்னற்சீலை, புத்தகத் தட்டு. தூசிப்பூச்சி வாழ்வது அங்கேதான். நிலத்துக்கு வழக்கம்போல ஈர மொப்.

சிவப்புச் சீமெந்து நிலமுள்ள வீட்டுக்காரர் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. மென்மையான தும்புத்தடி, பிழிந்த துணி, மாதம் ஒரு தரம் பொலிஷ், பாதித் தேங்காய் மட்டையால் தேய்ப்பு. அந்த நிலத்தின் மினுக்கத்தை எந்த மெஷினும் தராது. சில்லுள்ள கனத்த மெஷின் அதில் கீறல்தான் போடும்.

எதை எடுத்தாலும் வாசலைக் கவனியுங்கள். வெளியே ஈர்க்கும் தும்பும் கலந்த முரட்டுக் கால்மிதி ஒன்று, உள்ளே துணி மிதி ஒன்று, பக்கத்தில் கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர். வக்கியூம் வாங்குவதாக இருந்தால், காசு கொடுக்குமுன் அதன் பில்ரரும் பையும் தனியாக விற்பனைக்கு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அப்போதே இரண்டு செற் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கழுவக்கூடிய பில்ரர் என்றால் கிணற்றுத் தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு முழு நாள் காயவிட்டுத்தான் திரும்பப் போடவேண்டும். ஈரத்தோடு போட்டால் செம்மண் அதில் களியாகி இறுகிவிடும், பிறகு புது பில்ரர்தான்.